பச்சைக் கடலில் முதல் படங்கள்: கோவளம் கரையில் ஸ்கூபா கேமரா

லட்சத்தீவிலும் அந்தமானிலும் எடுத்த நீலப் படங்களை மனதில் வைத்துக்கொண்டு, களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் கோவளத்தில் கேமராவோடு இறங்குகிறவர்களுக்கு முதல் நாள் கிடைப்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான படம்தான்: எங்கும் பச்சை மூட்டம், மழைத்தூறல் போல வெள்ளைப் புள்ளிகள், நடுவில் மீன் என்று சொன்னால் நம்பக்கூடிய ஒரு நிழல். அதற்காகக் கேமராவை மாற்ற வேண்டியதில்லை. விழிஞ்ஞம் முதல் குமரிமுனை வரையிலான கடல் சத்து மிகுந்த கடல். மிதவை உயிரிகள் ஏராளம். மீனும் சிப்பியும் இங்கே செழிப்பதற்கு என்ன காரணமோ, தண்ணீர் பச்சையாக இருப்பதற்கும் அதுவே காரணம். இந்தக் கரையில் படம் எடுக்கக் கற்றுக்கொள்வது என்றால், லென்சுக்கும் உயிருக்கும் இடையே இருக்கும் தண்ணீரைக் குறைக்கக் கற்றுக்கொள்வது. கேமரா, விளக்கு, நாள், நேரம், எதை எடுப்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எப்போது இறங்கலாம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் கடல். அலையும் கலக்கலும் சேர்ந்து எதுவும் தெரியாது. கேரளத்தில் விசைப்படகுகளுக்கு இழுவலைத் தடை ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை. டைவிங் நிலையங்களும் அந்த மாதங்களில் பெரும்பாலும் இறங்குவதில்லை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை பிடித்தால் பூவாறில் நெய்யாறும், தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணியும் செம்மண் தண்ணீரைக் கடலில் கொட்டும். பெருமழைக்குப் பிறகு மூன்று நான்கு நாளாவது பொறுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை தெளிந்த நாட்கள் அதிகம்.

ஏப்ரல், மே மாதங்களில் வானம் வெளுத்திருக்கும், காற்றே இருக்காது, ஆனாலும் திடீரென்று பெரும் அலை ஏறும். தெற்கே வெகு தொலைவில் எழும் புயல்களின் அலை இங்கே வந்து சேருவதுதான் அது. மீனவர்கள் கள்ளக்கடல் என்பார்கள். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை நிறுவனமான இன்காய்ஸ் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. முந்தின நாள் இரவும் கிளம்பும் காலையும் பார்த்துவிடுங்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கும் நாளில் பாறையோரம் படம் எடுக்கவே கூடாது. அலை உங்களைப் பாறையில் அறைந்துவிடும்.

நேரம் காலை 9 முதல் 11.30 வரை. உச்சி வேளையில் சூரிய ஒளி இன்னும் ஆழம் இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் இங்கே நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று எழுந்து மேற்பரப்பைச் சிலுப்பிவிடும். அதோடு வெளிச்சமும் சிதறும், தெளிவும் குறையும்.

கேமராவுக்கு முன்

சான்றிதழ் இல்லாமல் பயிற்றுநர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கும் அறிமுக டைவில் கேமரா வேண்டாம். அந்த டைவின் எல்லை 12 மீட்டர். உங்கள் வேலை மூச்சு விடுவதும் காதைச் சமன் செய்வதும் மட்டும். 18 மீட்டர் வரை அனுமதிக்கும் ஓப்பன் வாட்டர் சான்றிதழ் பெற்ற பிறகும், ஏறாமலும் இறங்காமலும் ஒரே ஆழத்தில் நிற்கும் மிதப்பு கைவராமல் கேமராவைத் தொடாதீர்கள்.

கைவந்ததா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. டைவ் முடியும்போது 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பீர்கள் அல்லவா, அந்த மூன்று நிமிடமும் கயிற்றைப் பிடிக்காமல், கை வீசாமல், ஒரு கையில் எழுதுபலகையை ஏந்தி அதில் மெதுவாக ஏதாவது எழுதிக்கொண்டு நில்லுங்கள். டைவ் கம்ப்யூட்டரில் ஆழம் 4.5 மீட்டருக்கும் 5.5 மீட்டருக்கும் நடுவிலேயே இருந்தால் கேமரா எடுத்துச் செல்லலாம். திரையைப் பார்க்கும்போது கண்ணும் கவனமும் ஆழத்தை விட்டு நகர்ந்துவிடும். உடம்பு தானாக மிதக்கத் தெரிந்திருந்தால்தான் சமாளிக்க முடியும்.

எடை சரியாக இருப்பதும் இதில் சேர்த்தி. ஈயம் கூடினால் கால் கீழே தொங்கும், துடுப்பு மணலைக் கிளறும், நீங்கள் எடுக்கும் படத்தை நீங்களே கலக்குவீர்கள்.

ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்தக் கூடாது: படத்துக்காக மூச்சை அடக்காதீர்கள். நுரையீரல் நிறையக் காற்றை அடக்கியபடி ஒன்றிரண்டு மீட்டர் மேலே ஏறினால்கூடக் காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கலாம். குமிழி மீனை விரட்டுகிறது என்றால் மூச்சை நீட்டி மெதுவாக விடுங்கள். அந்த மெல்லிய வெளிமூச்சின்போதே பட்டனை அழுத்துங்கள்.

எந்தக் கேமரா

இந்தத் தண்ணீருக்கு மிக அருகில் குவியும் கேமரா வேண்டும். அதை வைத்துப் பார்த்தால், தொடங்குகிறவருக்கு டிஜி-6, டிஜி-7 போன்ற சிறு கேமராக்கள் பொருத்தம். ஒலிம்பஸ் பெயரிலும், இப்போது ஓஎம் சிஸ்டம் பெயரிலும் வருபவை. தண்ணீர் புகாத வெளி உறையில்லாமல் 15 மீட்டர் தாங்கும். பிடி-059 உறை போட்டால் 45 மீட்டர். இவற்றின் மைக்ரோஸ்கோப் முறையில் லென்சுக்கு 1 சென்டிமீட்டர் அருகில் இருப்பதும் குவியும். 10 மீட்டரில்தான் இருக்கப்போகிறோம் என்று உறையில்லாமல் இறங்குகிறவர்கள் உண்டு. நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பேட்டரிக் கதவின் ரப்பரில் ஒரு மணல் துகள் இருந்தால் போதும், கேமரா போய்விடும். உறை இருந்தால் கடலுக்கும் கேமராவுக்கும் நடுவே இரண்டு தடுப்பு.

கோப்ரோ ஹீரோ வரிசை வீடியோவுக்கு நல்லது. ஹீரோ 9 முதல் 12 வரை உறையில்லாமல் 10 மீட்டர், டைவ் உறையோடு 60 மீட்டர். ஆனால் ஏறக்குறைய 30 சென்டிமீட்டருக்கு உள்ளே வரும் எதுவும் மங்கும். சின்ன உயிர்களுக்குத் தனி மேக்ரோ லென்ஸ் மாட்ட வேண்டியிருக்கும். தொடுதிரை தண்ணீருக்குள் வேலை செய்யாது என்பதால் எல்லாவற்றையும் கரையிலேயே அமைத்துவிட வேண்டும். இன்னொன்று, கடையில் சேர்த்து விற்கும் ஆரஞ்சு மிதவைப் பிடி டைவுக்கு உதவாது. கையை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். நீருக்குள் கைவிட்டால் மெல்லக் கீழிறங்கும் எடைதான் சரி.

கைப்பேசியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஸ்கூபாவுக்கு எடுத்துப் போகாதீர்கள். ஐபி68 என்ற மதிப்பு நன்னீரில் அளந்தது. உப்புக்கும் பத்து மீட்டர் அழுத்தத்துக்கும் அது பொறுப்பேற்காது.

எந்தக் கேமராவானாலும் சுருள் கயிறு ஒன்றால் ஜாக்கெட்டின் டி-வளையத்தில் மாட்டுங்கள். அவசரத்தில் இரண்டு கையும் காலியாக வேண்டும்.

உறையை மூடுவது

கேமராக்கள் சாவது பெரும்பாலும் கடலின் ஆழத்தில் அல்ல, மூடும் மேசையில். ஆகவே இதை நிதானமாகச் செய்யுங்கள். முந்தின இரவு, ஏசி ஓடும் அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு:

1. பேட்டரியை முழுக்க ஏற்றி, கார்டைக் காலி செய்து போடுங்கள். தானாக அணையும் நேரத்தைக் கூட்டி வையுங்கள்.
2. ஓ-ரிங்கை, அதாவது உறைக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை, இரண்டு விரலால் நெருக்கி வளைத்தால் ஓரிடத்தில் எழும்பும். அங்கே பிடித்து எடுங்கள். எழும்பாவிட்டால் பழைய ஏடிஎம் கார்டின் மூலை. ஊசி, கத்தி முனை கூடவே கூடாது.
3. ரிங்கை விரல்களுக்கிடையே முழுச் சுற்றும் இழுத்துப் பாருங்கள். மணல், முடி, துணி நூல், வெட்டு எது இருந்தாலும் விரல் சொல்லிவிடும். உப்புப் படிந்திருந்தால் நன்னீரில் அலசி, நூல் உதிராத துணியால் ஒற்றுங்கள்.
4. உறையோடு வந்த கிரீசில் ஓர் அரிசியளவு எடுத்து ரிங் முழுக்க மெல்லியதாக மினுங்கும்வரை தடவுங்கள். வேறு நிறுவனத்தின் கிரீஸ் வேண்டாம். சில ரப்பர் சில கிரீசில் ஊறிப் பருத்துவிடும். கிரீஸ் அதிகமானால் பாதுகாப்பு அதிகம் என்று நினைக்க வேண்டாம், அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பசை.
5. ரிங் உட்காரும் பள்ளத்தையும் எதிர்ப்புற விளிம்பையும் துடைத்து, முறுக்கில்லாமல் ரிங்கைப் பதியுங்கள்.
6. சிலிக்கா ஜெல் சிறு பட்டை ஒன்றை, ரிங்கைத் தொடாத மூலையில் வைத்து மூடுங்கள். மூடிய விளிம்பைச் சுற்றிலும் கண்ணாடி வழியே பாருங்கள்.

ஏசி அறை ஏன் என்றால், நம் கரையின் காற்று 30 டிகிரியில் 80 சதவீத ஈரத்தோடு இருக்கும்போது அதன் பனிநிலை (ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 26 டிகிரியைத் தொட்டுவிடும். அந்தக் காற்றை உறைக்குள் அடைத்துக்கொண்டு 25 டிகிரித் தண்ணீரில் இறங்கினால் கண்ணாடியின் உட்புறம் பனிக்கும். பிறகு அன்றைக்குப் படமே கிடையாது. 24 டிகிரியில் பாதி ஈரத்தோடு இருக்கும் ஏசிக் காற்றுக்குப் பனிநிலை 13 டிகிரிதான். அடைத்த உறையை வெயிலில் வைத்தாலும் இதே தொல்லை வரும். படகில் ஈரத்துண்டு சுற்றி நிழலில் வையுங்கள்.

கடற்கரையில் உறையைத் திறக்கவே வேண்டாம். மணவாளக்குறிச்சியை ஒட்டிய கரைகளில் மணலோடு கார்னெட் கலந்திருக்கிறது. உப்புத்தாள் செய்யப் பயன்படும் கடினக் கனிமம் அது. ரிங்கில் ஒட்டினால் கசிவு, கண்ணாடியில் உரசினால் கீறல்.

புதிய உறையை முதல் தடவை கேமரா இல்லாமல், உள்ளே வெறும் டிஷ்யூ தாளை வைத்து இறக்குங்கள். தாள் காய்ந்தே வந்தால் அடுத்த டைவில் கேமரா. ஆழத்தில் அழுத்தமே உறையை இறுக்கிப் பிடிக்கும். கசிவு பெரும்பாலும் மேற்பரப்பிலும் முதல் அரை மீட்டரிலும்தான் நடக்கிறது. அதனால் கேமராவோடு வள்ளத்திலிருந்து குதிக்க வேண்டாம். நீங்கள் இறங்கிய பிறகு, “சேட்டா, கேமராவக் குடுங்க” என்று மேலே இருப்பவரிடம் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் கையளவு ஆழத்தில் பிடித்துக் குமிழிக் கோடு வருகிறதா என்று பத்து நொடி பாருங்கள். தொடர்ந்து வந்தால் உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நிறமும் விளக்கும்

தண்ணீர் முதலில் சிவப்பை விழுங்கும். 5 மீட்டரிலேயே சிவப்பு வெகுவாக மங்கிவிடும். 10 மீட்டருக்குள் ஆரஞ்சும் தேயும். இந்தக் கணக்கில் ஆழம் மட்டுமல்ல, உயிரிலிருந்து லென்ஸ் வரைக்குமான தூரமும் சேரும். விளக்கு உங்களிடமே இருந்தால் ஒளி போய்த் திரும்ப வேண்டும். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் இரண்டு மீட்டர் தண்ணீரைக் கடந்த வெளிச்சம்தான் கேமராவுக்குள் வருகிறது. 20 சென்டிமீட்டரில் நின்றால் 40 சென்டிமீட்டர். நிறம் வருவதும் வராததும் இங்கேதான் முடிவாகிறது.

கேமராவின் சொந்த ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். லென்சுக்குப் பக்கத்திலிருந்தே பாயும் ஒளி, முன்னால் மிதக்கும் ஒவ்வொரு துகளிலும் பட்டு நேரே திரும்பும். அந்த வெள்ளைப் புள்ளிகள் வருவது இதனால்தான். 1000 முதல் 2500 லூமன் வரையிலான ஒரு வீடியோ விளக்கை வளையும் கையில் மாட்டி, லென்சிலிருந்து 20, 30 சென்டிமீட்டர் பக்கவாட்டில் வைத்து, உயிரின் மேல் சாய்வாக விழச் செய்யுங்கள். ஒளிவட்டத்தின் நடுவைக் குறிவைக்காமல் விளிம்பு மட்டும் உயிர்மேல் படுமாறு விளக்கைச் சற்று வெளியே திருப்பினால் புள்ளிகள் இன்னும் குறையும். நம் கடலில் இந்த ஒரு திருப்பம், புதிய கேமரா வாங்குவதைவிடப் பலன் தரும்.

விளக்கு இல்லையென்றால் ஃபில்டர். எல்லோரும் சிவப்பு வாங்குகிறார்கள். அது நீலக் கடலுக்கானது. பச்சைத் தண்ணீருக்கு மெஜந்தா ஃபில்டர். நல்ல வெயிலில், ஏறக்குறைய 4 மீட்டரிலிருந்து 12 மீட்டர் வரைதான் அது உதவும். விளக்கையும் ஃபில்டரையும் சேர்த்துப் போட்டால் எல்லாம் இளஞ்சிவப்பாகும்.

விளக்கும் ஃபில்டரும் இல்லாமல் எடுத்தால் வெள்ளைச் சமநிலையை, அதாவது எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் அமைப்பை, கையால் அமைக்கலாம். எழுதுபலகையின் வெள்ளைப் பக்கத்தை சூரியன் இருக்கும் பக்கம் திருப்பி, திரை நிறைய வரும்படி வைத்துப் பதிவு செய்யுங்கள். 4, 5 மீட்டர் ஆழம் மாறினால் மறுபடியும்.

அமைப்புகள்

டிஜி வரிசையில் ஷட்டர் வேகத்தை நேரே பிடித்து வைக்க முடியாது. ஏ முறையில் லென்சில் ஒளி நுழையும் துளையைப் பெரிதாக வைத்து, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) தானியங்கியின் மேல் எல்லையை 800 ஆக்குங்கள். விளக்கு போதுமானதாக இருந்தால் வேகம் 1/125க்கு மேல் தானே ஏறும். 1/60க்குக் கீழே இறங்கினால் படம் அசையும். அப்போது இன்னும் நெருங்குங்கள், அல்லது விளக்கைக் கிட்டே கொண்டுவாருங்கள். வெளிச்ச ஈடு மைனஸ் 0.3 அல்லது 0.7. வெளுத்துப்போன மீன் வயிற்றை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. குவியம் நடுப்புள்ளி ஒன்று மட்டும். ரா (பிறகு திருத்த ஏற்ற மூல ஃபைல்), ஜேபெக் இரண்டையும் பதியுங்கள்.

கோப்ரோவில் 4கே, நொடிக்கு 30 சட்டம் (ஃபிரேம்), ஐஎஸ்ஓ மேல் எல்லை 800, நிறம் இயல்பு. ஒவ்வொரு காட்சியையும் அசையாமல் பத்து நொடி பிடியுங்கள். 4கே வீடியோவிலிருந்து எடுக்கும் ஒரு சட்டமே 8 மெகாபிக்சல் படம்.

தண்ணீருக்குள்

முதல் சில டைவுகளில் அசையாதவற்றை மட்டும் எடுங்கள். இந்தக் கரையின் பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில், அதற்குப் பஞ்சமே இல்லை. பழுப்புச் சிப்பி கொத்துக் கொத்தாகப் பாறையைப் போர்த்தியிருக்கும். அதன் இடுக்கில் சின்ன மீன் தலைநீட்டும். நட்சத்திர மீன், கடல் சாமந்தி, ஓடில்லாக் கடல் நத்தை, சங்குக்குள் குடியேறிய நண்டு எல்லாம் காத்திருந்து படம் கொடுக்கும். அடுத்தபடி உப்பிக்கொள்ளும் பேத்தை மீன், பொந்துக்குள் இருக்கும் பாம்பு போன்ற அஞ்சாளை மீன். அஞ்சாளை வாயைத் திறந்து மூடுவது மூச்சுக்காகத்தான். ஆனாலும் பொந்துக்குள் கையோ கேமராவோ நுழைக்க வேண்டாம். வண்ணாத்தி மீனும் கிளிமீனும் கடைசிப் பாடம்.

சிப்பி எடுப்பவர்கள் மூழ்கும் பாறையாக இருந்தால் அவர்கள் வேலை முடியட்டும். பாரில் சிக்கிக் கிடக்கும் நைலான் வலையும் தூண்டில் நரம்பும் தெளிவில்லாத தண்ணீரில் கண்ணுக்குப் படாது. நரம்பு வெட்டும் சிறு கத்தியை எட்டும் இடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

நெருங்கும் விதம் முக்கியம். கண்ணாடியின் வழியே பார்க்கும்போது தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், உண்மைத் தூரத்தில் முக்கால் தூரத்திலும் தெரியும். ‘போதுமான அளவு நெருங்கிவிட்டோம்’ என்று தோன்றும் இடத்தில் நீங்கள் இன்னும் எட்டத்தில்தான் இருக்கிறீர்கள். அன்றைய தெளிவு 5 மீட்டர் என்றால் ஒரு மீட்டருக்கு அப்பால் இருக்கும் எதற்கும் பட்டனை அழுத்தாதீர்கள்.

மீன்கள் நீவாட்டை (கடல் நீரோட்டத்தை) எதிர்த்து முகம் வைத்து நிற்கும். பின்னாலிருந்து போனால் வால்தான் கிடைக்கும். நேர் முன்னாலிருந்து போனால் நீங்கள் கிளறும் துகள் அதன்மேல் போய் விழும். பக்கவாட்டில், அதன் கண்மட்டத்துக்கு இறங்கி, நேராக அதை நோக்கிப் போகாமல் சாய்ந்து நெருங்குங்கள். மேலிருந்து கீழ்நோக்கி எடுத்த மீன் பாறையோடு பாறையாகிவிடும். கொஞ்சம் கீழே இருந்து மேல்நோக்கி எடுத்தால் பின்னணியில் வெளிச்சமான தண்ணீர் வரும், உருவம் தனியே தெரியும். குவியம் கண்ணில். கண் மங்கினால் படம் வேண்டாம்.

துரத்தாதீர்கள். துரத்தினால் மீனும் கிடைக்காது, காற்றும் தீரும். ஓரிடத்தில் நிதானமாக நின்றால் ஓடிய மீன் ஐந்து நிமிடத்தில் திரும்பி வரும்.

நிலைபெறுவதற்காகப் பாறையைப் பிடிக்கவோ முழங்காலை ஊன்றவோ கூடாது. சிங்க மீனுக்கும் கல் மீனுக்கும் முதுகு முள்ளில் விஷம் உண்டு, கல் மீன் பாறை போலவே கிடக்கும். பவளம், கடல் விசிறி, கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. படத்துக்காகக் கடல் அட்டையை எடுத்து வாகாக வைப்பதும் குற்றம்தான். கடல் குதிரை கிடைத்தால் இரண்டு மூன்று படத்தோடு விளக்கைத் திருப்பிவிடுங்கள்.

நான்கைந்து படத்துக்கு ஒருமுறை கேமராவை இறக்கி மூன்றைப் பாருங்கள்: காற்று, ஆழம், உடன் இறங்கிய துணைவர். சிலிண்டரின் காற்றழுத்தம் 200 பாரில் தொடங்கினால் 100 பாரில் திரும்பும் பேச்சு, 50 பாரோடு மேலே. கேமரா பிடித்தவர் காற்றை வேகமாகக் குடிப்பார், அதனால் உங்கள் கணக்கைத்தான் குழு முழுக்க வைத்துக்கொள்ள வேண்டும். படம் எடுக்கப் போகிறீர்கள் என்று வழிகாட்டியிடம் படகிலேயே சொல்லுங்கள். கூட்டத்தின் முன்னால் அவரை ஒட்டி நீந்துங்கள். பின்தங்கினால் பிறர் கிளறிய தண்ணீரில் எடுப்பீர்கள், தொலைந்துபோகவும் வாய்ப்பு உண்டு.

மேலே வந்த பிறகு

உப்பு காயும் முன்பே நன்னீர் வாளியில் உறையை மூடியபடி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். ஊறும்போது எல்லாப் பட்டன்களையும் பலமுறை அழுத்துங்கள். பட்டனின் தண்டில் காய்ந்த உப்புப் படிகம்தான் அடுத்த டைவில் அதைச் சிக்க வைப்பது. பல பேர் சாமான் மோதும் பொது வாளியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். துடைத்து, தலைமுடியையும் காயவைத்த பிறகு, உறையின் கதவு கீழே பார்க்கும்படி பிடித்துத் திறவுங்கள். விளிம்பில் நிற்கும் துளி கேமராமேல் விழாது. ஓ-ரிங்கைக் கழற்றித் தனியாக வையுங்கள். ஆண்டுக்கு ஒன்று புதிதாக மாற்றுங்கள்.

கசிந்துவிட்டால் லென்சுக்கு முன்னுள்ள கண்ணாடி கீழே இருக்கும்படி பிடித்தபடி முறையான வேகத்தில் ஏறுங்கள், நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேண்டாம். கேமராவுக்காகப் பாய்ந்து மேலே வராதீர்கள். மேலே வந்ததும் பேட்டரியைக் கழற்றுங்கள், ஓடுகிறதா என்று முடுக்கிப் பார்க்காதீர்கள்.

கணினியில் முதலில் ரா ஃபைலின் வெள்ளைச் சமநிலையை மெஜந்தா பக்கமும், பிறகு வெப்பப் பக்கமும் நகர்த்துங்கள். மூட்டம் நீக்கும் கருவியைக் கொஞ்சமாக. தூரத்தில் எடுத்த படத்தில் சிவப்பே பதிவாகியிருக்காது. அதை இழுத்தால் கறைபோன்ற புள்ளிகள்தான் மிஞ்சும், அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். மிஞ்சிய படங்களில் ஒவ்வொன்றுக்கும் ஆழம், அன்றைய தெளிவு, தோராயத் தூரம், விளக்கு இருந்த பக்கம் ஆகிய நான்கையும் டைவ் பதிவேட்டில் குறித்து வையுங்கள். அதே பாருக்கு அடுத்த முறை போகும்போது விளக்கை எங்கே வைப்பது என்று படகில் ஏறும் முன்பே தெரிந்திருக்கும்.